பெய்ஜிங் அரண்மனைக்குப் போகுமுன்: சீட்டு எடுப்பதிலிருந்து வடக்கு வாசல் வரை

பெய்ஜிங்கின் நடுவில் இருக்கும் அரண்மனையை உலகம் ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ என்கிறது. ஊர்க்காரர்கள் ‘குகோங்’ என்பார்கள், பழைய அரண்மனை என்று பொருள். டாக்சிக்காரரிடமும் வழிப்போக்கரிடமும் இந்தச் சொல்தான் எடுபடும். அந்தக் காலத்தில் அழைப்பில்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. இன்று சீட்டு இருந்தால் போதும், ஆனால் அந்தச் சீட்டை எடுப்பதுதான் பெரிய வேலை. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் தெற்கு வாசலில் நுழைந்து, கூட்டத்தோடு நேர்கோட்டில் நடந்து, ஒன்றரை மணி நேரத்தில் வடக்கு வாசலில் வெளியே வந்துவிடுகிறார்கள். பெரிய கூரைகளையும் முன்னால் நின்றவர்களின் பின்னந்தலைகளையும் பார்த்ததோடு சரி. சீட்டு கிடைக்காமல் போவதும் இப்படி ஓடி முடிப்பதும் நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

நாள் குறிக்கும்போது

திங்கட்கிழமை விடுமுறை. அரசு விடுமுறை நாள் திங்களில் விழுந்தால் மட்டும் திறந்திருக்கும். பெய்ஜிங்கில் மூன்று நாள் தங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் கடைசி நாளான திங்களுக்கு அரண்மனையை ஒதுக்கி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. அரண்மனையைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். சீட்டு கிடைக்காமல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம்.

அக்டோபர் 1 முதல் 7 வரை தேசிய தின விடுமுறை, மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு வாரம் ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நாடே ஊர் சுற்றும் நாட்கள் அவை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்பதால் சீட்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். வெயிலும் 35 டிகிரியைத் தாண்டும். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் அரண்மனையின் முன்பாதியில், பெரிய மண்டபங்கள் இருக்கும் வெளி முற்றங்களில், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கல் தரை, வெள்ளைப் பளிங்கு, மேலே வானம், அவ்வளவுதான்.

அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் நல்ல காலம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், காற்று முகத்தை அறுக்கும். ஆனால் கூட்டம் குறைவு, வானம் தெளிவு, கட்டணமும் மலிவு. குளிரைத் தாங்கக்கூடியவர்களுக்குக் குளிர்காலம்தான் சிறந்தது என்பது எங்கள் கருத்து. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை நுழைவுச் சீட்டு 60 யுவான், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 40 யுவான். திறப்பது எப்போதும் காலை 8.30க்கு. கோடையில் 4 மணிக்கு நுழைவு நின்று 5 மணிக்கு மூடுவார்கள். குளிர்காலத்தில் இரண்டும் அரை மணி நேரம் முந்தும்.

விசா பற்றிச் சுருக்கமாக

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை தங்கலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். 2020இல் நின்றுபோன இந்தியர்களுக்கான சுற்றுலா விசாவைச் சீனா 2025 ஜூலையில் மீண்டும் தொடங்கியது. வழியில் இறங்கி 240 மணி நேரம் விசா இல்லாமல் சுற்றலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. விமானச் சீட்டு எடுக்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

சீட்டு எடுப்பது

வாசலில் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். எல்லாச் சீட்டும் முன்பதிவு, அதுவும் பாஸ்போர்ட் எண்ணோடு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் கெஞ்சினாலும் கதவு திறக்காது.

1. சீட்டுகள் வருகை நாளுக்கு 7 நாள் முன்பு, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு வெளியாகும். அதாவது வியாழக்கிழமை போக வேண்டுமானால் முந்தைய வியாழன் இரவு 8 மணி. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது மாலை 5.30. சிங்கப்பூர், கோலாலம்பூரில் அதே 8 மணி. லண்டனில் கோடையில் பகல் 1 மணி, குளிர்காலத்தில் 12 மணி.

2. அரண்மனை இப்போது அருங்காட்சியகம். அதன் அதிகாரபூர்வ இணையதளத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. வீசாட் செயலிக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தின் மினி செயலியிலும் பாஸ்போர்ட்டை வைத்துப் பதிவு செய்யலாம். எதைத் தேர்ந்தாலும் கணக்குத் தொடங்குவது, தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ உறுதிசெய்வது, பணம் கட்ட கார்டை இணைப்பது எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். 8 மணி ஒரு நிமிடத்துக்கு ஓடிபி வரவில்லையே என்று தவிப்பவர்களுக்குச் சீட்டு கிடைப்பதில்லை.

3. உடன் வருகிற எல்லோருடைய பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையானாலும் சரி, சீட்டு இலவசமானாலும் சரி, பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் எண் ஒரு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. இலக்கப் பூஜ்யத்துக்குப் பதிலாக ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிடுவது எளிது. வாசலில் இயந்திரம் எண்ணைத்தான் ஒப்பிடும், முகத்தை அல்ல.

4. நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். வீட்டில் கூப்பிடுகிற வரிசையில் எழுதாதீர்கள். விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். விசா தேவைப்படாதவர்கள் பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இயந்திர வரியைப் பார்த்து எழுதலாம்.

5. காலை, பிற்பகல் என இரண்டு பிரிவுகள் இருக்கும். காலையை எடுங்கள். காலைச் சீட்டில் நுழைந்தவரை மூடும் நேரம் வரை யாரும் வெளியேற்றமாட்டார்கள். காலைப் பிரிவு தீர்ந்துவிட்டால் பிற்பகலாவது எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்போது எல்லாவற்றையும் பார்க்க நேரம் போதாது.

6. பொக்கிஷக் கூடத்துக்குத் தனியாக 10 யுவான், கடிகாரக் கூடத்துக்கு இன்னொரு 10 யுவான். நம் ஊர் காசில் ஒவ்வொன்றும் நூற்றுச் சொச்சம் ரூபாய். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

பழைய பாஸ்போர்ட் எண்ணில் பதிந்துவிட்டுப் புதியதோடு போய் நிற்பது, நகலை மட்டும் எடுத்துக்கொண்டு மூலத்தை ஓட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு வருவது, இவை இரண்டும் வாசலில் அன்றாடம் நடக்கும் சோகங்கள். தனியாகச் சீட்டு என்று எதுவும் கையில் தரமாட்டார்கள். பாஸ்போர்ட்டேதான் சீட்டு.

சீட்டு கிடைக்காவிட்டால்? ரத்தாகிற சீட்டுகள் அவ்வப்போது பட்டியலுக்குத் திரும்பி வரும், பகலில் மூன்று நான்கு முறை பார்த்துக்கொண்டே இருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பயண முகவர்கள் வழிகாட்டியோடு சேர்த்து விற்பார்கள், விலை பல மடங்கு. வாசலில் வந்து “சீட்டு இருக்கிறது” என்று காதோரம் கிசுகிசுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் பதியாத சீட்டு உங்களுக்குச் செல்லாது.

கிளம்புமுன் போனில் இருக்க வேண்டியவை

கூகுளும் வாட்ஸாப்பும் சீன இணையத்தில் வேலை செய்யாது. உங்கள் ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால், அல்லது வெளிநாட்டு இ-சிம் போட்டிருந்தால், பொதுவாக வேலை செய்யும். ஓட்டல் வைஃபையில் செய்யாது. அலிபே, வீசாட் இரண்டில் ஒன்றிலாவது கார்டை இணைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் பாட்டிலிலிருந்து மெட்ரோ வரை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. வழி காட்ட உள்ளூர் வரைபடச் செயலி வேண்டும். அரண்மனையின் பெயரையும் ஓட்டல் முகவரியையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் எல்லாமே தீர்ந்தது, பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும்.

வாசலை அடைவது எப்படி

நுழைவு ஒரே ஒரு வாசல் வழியாகத்தான். தெற்கே இருக்கும் வூமென். வடக்கு வாசலான ஷென்வூமென்னும் கிழக்கு வாசலான டொங்ஹுவாமென்னும் வெளியேற மட்டும். வரைபடத்தில் ‘அரண்மனை’ என்று தட்டினால் சில சமயம் வடக்கு வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து தெற்குக்குச் சுற்றிவர இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். செல்லுமிடமாக ‘வூமென்’ என்றே போடுங்கள்.

வழிகள் இரண்டு. எல்லோரும் போவது முதலாம் எண் மெட்ரோவில் தியானன்மென் கிழக்கு நிலையம், அங்கிருந்து பாதுகாப்புச் சோதனை, பிறகு மாவோவின் படம் தொங்கும் தியானன்மென் வாயிலுக்கு அடியில் புகுந்து வடக்கே நடை. பார்க்க வேண்டிய வழிதான். ஆனால் சோதனை வரிசை கூட்ட நாட்களில் ஒரு மணி நேரம் பிடிக்கும். தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் தியானன்மென் சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அரண்மனைச் சீட்டு சதுக்கத்துக்குச் செல்லாது.

இரண்டாவது வழி அமைதியானது. எட்டாம் எண் மெட்ரோவில் ஜின்யூ ஹுதோங் நிலையத்தில் இறங்கி, மேற்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் டொங்ஹுவாமென். அங்கே ஒரு சோதனையைக் கடந்து, அகழிக்கும் மதிலுக்கும் இடையில் போகும் பாதையில் தெற்கே திரும்பி நடந்தால் வூமென் முற்றத்துக்கே கொண்டுபோய் விடும். வலது கைப்பக்கம் பத்து மீட்டர் உயரச் சாம்பல் நிற மதில், இடது கைப்பக்கம் 52 மீட்டர் அகல அகழி. கிழக்கு வாசலைக் கடக்கும்போது கதவுகளில் இருக்கும் பித்தளைக் குமிழ்களை எண்ணிப் பாருங்கள். மற்ற வாசல்களில் ஒரு கதவுக்கு ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது, ஆக 81. இங்கே மட்டும் 72. அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

சோதனையில் லைட்டரைப் பிடுங்கிக்கொள்வார்கள், தண்ணீர் பாட்டில் இருந்தால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வார்கள். ட்ரோன் கூடவே கூடாது. பெரிய பெட்டியை ஓட்டலிலேயே விடுங்கள். நுழைகிற வாசலும் வெளியேறுகிற வாசலும் வேறு வேறு என்பதால் எங்கே வைத்துவிட்டுப் போனாலும் தொல்லைதான்.

“இன்று அரண்மனை மூடிவிட்டார்கள், நான் வேறு இடம் காட்டுகிறேன்” என்று நல்ல ஆங்கிலத்தில் பேசியபடி ஒருவர் வருவார். அருகில் இருக்கும் வாங்ஃபுஜிங் கடைத்தெருவில் “ஓவியக் கல்லூரி மாணவர்கள் நாங்கள்” என்றோ “தேநீர் குடித்துக்கொண்டே பேசலாமா” என்றோ இளைஞர்கள் வருவார்கள். தேநீருக்குப் பிறகு வரும் பில்லைப் பார்த்தால் மயக்கமே வரும். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

உள்ளே போகுமுன் தெரிந்திருந்தால் நல்லது

மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லே 1406இல் கட்ட ஆணையிட்டு, 1420இல் முடித்த அரண்மனை இது. அவரிலிருந்து 1912இல் முடி துறந்த பூயி வரை 24 பேரரசர்கள் ஆண்டிருக்கிறார்கள். 1924இல் பூயியை வெளியேற்றினார்கள், 1925 அக்டோபர் 10இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வடக்கு தெற்காக 961 மீட்டர், கிழக்கு மேற்காக 753 மீட்டர்.

அந்த யோங்லேவுக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் அனுப்பிய கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு, 1409 பிப்ரவரி 15 தேதியிட்டது, காலியில் 1911இல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்துகிறது. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண்மனைக்கு ஆணை பிறந்து மூன்றே ஆண்டில், அதே பேரரசரின் பெயரால் தமிழ் பொறித்த கல் அது.

ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். மண்டபங்கள் பெரும்பாலும் காலியாகத் தெரியும். ஜப்பானியப் படைக்கு அஞ்சி 1933இல் பெட்டி பெட்டியாகக் கிளம்பிய பொக்கிஷங்களில் ஒரு பகுதி 1948, 49இல் தைவானுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. இங்கே இன்னும் 18 லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன, ஆனால் காட்சிக்கு வைத்திருப்பது மிகச் சிறு பகுதி. பெரிய மண்டபங்களுக்குள் காலடி வைக்க முடியாது, வாசற்படிக்கு வெளியே நின்று எட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் இங்கே பார்க்க வேண்டியது மண்டபத்துக்குள் இருப்பதைவிட அதன் கூரையும் தரையும் ஓரமும்தான்.

நடுக்கோடு: வேகமாக

வூமென்னைக் கடந்ததும் ஐந்து பளிங்குப் பாலங்கள், பிறகு தைஹமென் வாயில், அதைத் தாண்டினால் தைஹதியன். சீனாவிலேயே பெரிய மர மண்டபங்களில் ஒன்று. மேடையோடு சேர்த்து 35 மீட்டர் உயரம், 72 தூண்கள். 1420இல் கட்டிய முதல் மண்டபம் மறு வருடமே, 1421இல் தீயில் போய்விட்டது. இப்போது நிற்பது 1695இல் எழுப்பியது.

வாசலில் ஐந்தாறு வரிசையாக ஆட்கள் முண்டியடித்து அரியணையைப் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். நடுக்கதவை விட்டுவிட்டு ஓரக் கதவுகள் பக்கம் போங்கள், அரியணை சாய்வாகத் தெரியும், ஆனால் நிம்மதியாக. பிறகு திரும்பி, கூரையின் மூலை விளிம்பைப் பாருங்கள். பறவை மேல் அமர்ந்த ஒரு மனிதன் முன்னால், அவன் பின்னே வரிசையாக விலங்குகள். அந்த மனிதனை விட்டுவிட்டு எண்ணினால் பத்து. வேறு எந்தக் கட்டடத்துக்கும் பத்து கிடையாது. பேரரசரின் வாசஸ்தலமான சியன்சிங்கோங்குக்கு ஒன்பது, அவ்வளவு முக்கியமில்லாதவற்றுக்கு ஏழு, ஐந்து என்று இறங்கும். கூரையை எண்ணியே கட்டடத்தின் தகுதியைச் சொல்லிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த எண்ணும் விளையாட்டு நாள் முழுவதும் கைகொடுக்கும்.

மண்டபத்தின் இரு புறமும் ஆளுயரத்துக்குப் பெரிய உலோக அண்டாக்கள் நிற்கின்றன. எல்லோரும் கைவைத்துப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அருகே போய்ப் பாருங்கள். பொன்முலாம் பூசியவற்றின் வெளிப்பக்கம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் நகருக்குள் நுழைந்தபோது சிப்பாய்கள் கத்தியால் பொன்னைச் சுரண்டியதன் தடம் என்கிறார்கள். குனிந்து அடியில் பார்த்தால் கல் பீடத்தில் ஒரு திறப்பு இருக்கும். குளிர்காலத்தில் அண்டாவின் நீர் உறையாமல் இருக்க அதற்குள் கரி மூட்டுவார்கள். மரத்தாலான அரண்மனை, தீப்பிடித்தால் அணைக்க இந்த நீர்தான். அரண்மனையில் பெரும்பாலும் மஞ்சள் ஓடு வேய்ந்திருக்க, தென்கிழக்கில் இருக்கும் வென்யுவான்கே நூலகத்துக்குக் கறுப்பு ஓடு. கறுப்பு நீரின் நிறம், புத்தகங்களைத் தீயிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை.

மூன்று அடுக்குப் பளிங்கு மேடையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் டிராகன் தலைகள் 1,142. அத்தனையும் மழைநீர் வடிகால்கள். பயண நாளன்று கனமழை பெய்தால் நொந்துகொள்ளாதீர்கள், குடையோடு மேடைக்குக் கீழே போய் நில்லுங்கள். எல்லா வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் நீர் கொட்டும் காட்சியை வெயில் நாளில் வந்தவர்கள் பார்க்க முடியாது.

அடுத்த மண்டபத்தைக் கடந்து, மூன்றாவதான பாவ்ஹதியனின் பின்பக்கம் இறங்கும்போது படிகளுக்கு நடுவில் சாய்ந்து கிடக்கும் செதுக்குக் கல்லைத் தவறவிடாதீர்கள். நீளம் 16.57 மீட்டர், அகலம் 3.07 மீட்டர், எடை 200 டன்னுக்கு மேல். ஃபாங்ஷான் குன்றிலிருந்து குளிர்காலத்தில் வழியெல்லாம் நீர் ஊற்றி உறைய வைத்து, பனிக்கட்டி மேல் இழுத்து வந்தார்கள். கூட்டம் இதன் முதுகுப் பக்கமாகவே போய்விடும், இறங்கி நின்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவுக்கும் ஒன்றேகால் மணி நேரம் போதும். அடுத்து சியன்சிங்கோங். அரியணைக்கு மேலே தொங்கும் பலகைக்குப் பின்னால்தான் பேரரசர் யோங்செங் காலத்திலிருந்து அடுத்த பேரரசரின் பெயரை எழுதி மறைத்துவைத்தார்கள். அதைப் பார்த்ததும் கூட்டத்தோடு வடக்கே போகாதீர்கள்.

கிழக்கே திரும்புங்கள்

சியன்சிங்கோங் முற்றத்தின் கிழக்கு ஓரவாசல் வழியாக வெளியேறினால் இருபுறமும் செந்நிற மதில் உயர்ந்த ஒரு நீண்ட சந்து வரும். சத்தம் சட்டென்று அடங்கிவிடும். ஆசைநாயகியர் வாழ்ந்த ஆறு சிறு மாளிகைகள் இந்தப் பக்கம். அவற்றில் யான்சிகோங்கில் விசித்திரம் ஒன்று நிற்கிறது. முன்பிருந்த மாளிகை 1845இல் தீப்பிடித்து அழிந்த இடத்தில், 1909இல் இரும்பும் கண்ணாடியும் கொண்டு, சுற்றிலும் நீர் நிற்கும் மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். புரட்சி வந்தது, வேலை நின்றது. அரைகுறையாக அப்படியே இருக்கிறது.

சந்தில் தெற்கே இறங்கி, சியன்சிங்கோங்குக்குத் தெற்கே இருக்கும் சியன்சிங்மென் வாயிலின் முன்சதுக்கத்துக்கு வந்து, அதன் கிழக்கு வாயிலைக் கடந்து நேரே போனால் பொக்கிஷக் கூடத்தின் நுழைவு. இங்கேதான் அந்த 10 யுவான். பெயரைக் கேட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் நகைகள் என்று நினைக்க வேண்டாம். அரண்மனைக்குள் இன்னொரு அரண்மனை இது. 60 ஆண்டுகள் ஆண்ட சியன்லோங் பேரரசர் ஓய்வுகாலத்தில் தங்க 1770களில் கட்டிக்கொண்டது. அதிகாரத்தை விட மனமில்லாமல் கடைசிவரை இங்கே குடிவரவே இல்லை.

நுழைந்ததும் ஒன்பது டிராகன் சுவர். 29.4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் உயரம், 270 மெருகோடுகள். கிழக்கிலிருந்து மூன்றாவதாக இருக்கும் வெள்ளை டிராகனின் அடிவயிற்றை உற்றுப் பாருங்கள். ஒரு துண்டு மட்டும் மினுமினுப்பில்லாமல் மங்கலாக இருக்கும். அது மரம். சூளையிலிருந்து வந்த ஓடு உடைந்துபோக, தலை தப்ப வேண்டுமே என்று தச்சர் ஒருவர் இரவோடு இரவாக மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிப் பொருத்தினார் என்று சொல்வார்கள். கதை எப்படியோ, மரத்துண்டு உண்மை.

இங்கிருந்து வடக்கே ஒவ்வொரு முற்றமாக நகருங்கள். மூன்று அடுக்கு நாடக மேடையான சாங்யின்கே வலப்பக்கம். லெஷௌதாங் மண்டபத்தில் பச்சைக்கல் மலை ஒன்று இருக்கிறது. சின்ஜியாங்கின் ஹோத்தானில் வெட்டி, யாங்சோவில் செதுக்கிய ஒற்றைக் கல், 2.24 மீட்டர் உயரம், ஐந்து டன் எடை. வெள்ளத்தைக் கட்டுப்படுத்திய யூ மன்னனின் கதை அதில் இருக்கிறது. விளக்கு மங்கல்தான், கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். பாறையில் தொங்கியபடி உளி பிடித்திருக்கும் கட்டை விரலளவு மனிதர்கள் ஒவ்வொருவராகத் தெரிய ஆரம்பிப்பார்கள்.

வடகோடியில், வெளியேறும் வாசலுக்குச் சற்று முன், ஒரு சிறிய கிணறு. 1900இல் தலைநகரை விட்டு ஓடுமுன் பேரரசி சிசியின் ஆணையால் சென் என்ற ஆசைநாயகியைத் தள்ளிய கிணறு என்பது இதன் வரலாறு. இவ்வளவு குறுகிய வாயிலா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

இந்தக் கிழக்குப் பகுதிக்கு இரண்டு மணி நேரமாவது வையுங்கள். கடிகாரக் கூடமும் கிழக்குப் பாதியில்தான். ஆங்கிலேயர் செய்த, தூரிகை பிடித்துச் சீன எழுத்துகளை எழுதும் பொம்மைக் கடிகாரம் அங்கே புகழ்பெற்றது. இயந்திரங்களில் ஆர்வமில்லாதவர்கள் விட்டுவிடலாம். மேற்குப் பகுதியில் பழுதுபார்ப்புக்காகக் கட்டடங்கள் மூடுவதும் திறப்பதுமாக இருக்கும், அன்றன்று வாசல் பலகையைப் பார்த்து முடிவெடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், கால்

உள்ளே உணவகங்கள் உண்டு. பழைய பனிக்கட்டிக் கிடங்கை மாற்றி அமைத்தது ஒன்று மேற்குப் பக்கம் இருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே தேறுவது அதிகமில்லை. காய்கறி என்று கேட்டாலும் மேலே அரைத்த இறைச்சி தூவி வரலாம். பிஸ்கட், பழம், ரொட்டி என்று பையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு, முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பாட்டை 11.30க்கோ 1.30க்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் இடம் கிடைக்காது. ஒரு முறை வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வர முடியாது, அதனால் வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

பக்கவாட்டில் எல்லாம் சுற்றினால் நடை ஆறேழு கிலோமீட்டர் ஆகிவிடும். தரை முழுக்கத் தேய்ந்த, மேடுபள்ளமான செங்கல், வாசல்தோறும் முழங்கால் அளவு நிலைப்படி. அதை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். பழகிய ஷூ போடுங்கள், புதிது வேண்டாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் பளிங்கு மேடை ஏறுவதை விட்டுவிட்டு முற்றத்தின் ஓரமாகவே கூட்டிப்போங்கள். பொக்கிஷக் கூடத்துக்கு அவர்கள் தெம்போடு வந்து சேர்வது முக்கியம்.

வெளியேறுவது

பொக்கிஷக் கூடத்தின் வடக்கு வாசலில் வெளிவந்து மேற்கே திரும்பினால் ஷென்வூமென். அதற்கு உட்புறம் பேரரசர் தோட்டம், திருகி வளர்ந்த பழைய மரங்கள், அரண்மனையிலேயே நிழல் அடர்ந்த இடம். கால் ஆற அரை மணி நேரம் உட்காருங்கள்.

வடக்கு வாசலில் டாக்சி நிற்காது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொண்டு “மூன்று யுவான்” என்பார்கள், இறங்கும்போது அது முந்நூறு ஆகும். தெருவைக் கடந்து எதிரே ஜிங்ஷான் பூங்காவுக்குப் போங்கள், சீட்டு 2 யுவான். அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய குன்று, உயரம் 45 மீட்டர் சொச்சம், பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சோங்செங் 1644இல் தூக்கிட்டுக்கொண்டது இந்தக் குன்றின் அடிவாரத்தில்தான்.

உச்சியில் வான்சுன் மண்டபம். தெற்கே பார்த்தால் நீங்கள் நடந்துவந்த அத்தனை மஞ்சள் கூரைகளும் ஒரே வரிசையில். நண்பகலில் சூரியன் நேர் எதிரே இருக்கும், படம் கறுத்துப்போகும். மாலை நான்கு மணிக்கு மேல் மேற்கிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும்போது ஓடுகள் பொன்னிறமாகும். குளிர்காலத்தில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும், அப்போது மூன்றரைக்கே மேலே இருக்க வேண்டும். தெற்குக் கைப்பிடி ஓரம் முக்காலிக்காரர்கள் இடம் பிடித்திருப்பார்கள். ஒரு படி கீழே இறங்கி நின்றாலும் காட்சி மாறாது.

இறங்கிய பிறகு கிழக்கு வாசலில் வெளிவந்து வடக்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நான்லுவோகுசியாங் மெட்ரோ. ஆறாம் எண்ணும் எட்டாம் எண்ணும் அங்கே சந்திக்கின்றன. கால் ஒத்துழைக்காவிட்டால் பூங்காவை விட்டு இரண்டு தெரு தள்ளிப்போய்ச் செயலியில் கார் கூப்பிடுங்கள், வாசலிலேயே நின்று கூப்பிட்டால் ஓட்டுநருக்கு நிறுத்த இடம் இருக்காது.